நால்வராய்க் குளிர்காலப் பாரிஸ்: யாழ்ப்பாணத்திலிருந்து முதன்முதல் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுப் படலையைத் தட்டினாலும் அவர்களுக்குப் பாரிசில் யாரோ ஒருவர் இருப்பார். ஆனால் சும்மா சுற்றிப் பார்க்கவென்று கூட்டாளிகளோடு அங்கே போய் வந்தவர்கள் குறைவு. போனால் கலியாணத்துக்கு, இல்லாவிட்டால் செத்தவீட்டுக்கு, அதுவும் இல்லாவிட்டால் ஒரேயடியாக. நாங்கள் நான்கு பேர் ஒரு ஜனவரிக் கடைசியில் ஒன்பது நாட்கள் போய் வந்தோம். கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

புறப்படும்போது எங்களிடம் ஒரு அட்டவணை இருந்தது. ஒரு நாளைக்கு நான்கு இடம், ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்து, நிறம் தீட்டி. இரண்டாம் நாள் பின்னேரமே அதைக் கைவிட்டோம். குளிர்காலத்தில் அங்கே பகல் என்பது எட்டொன்பது மணித்தியாலம்தான். அதில் பாதி ஜக்கெற்றைப் போடுவதிலும் கழற்றுவதிலும் போய்விடும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். மிச்ச நேரம் நடக்கவும், சூடாக எங்காவது குந்தியிருந்து கதைக்கவும். கீழே சொல்கிற எல்லாம் இந்தக் கணக்கில்தான்.

எப்போது, எத்தனை பேர்

கிறிஸ்மஸ் வெளிச்சங்கள் பார்க்கவேண்டும் என்றால் டிசம்பர் முற்பாதி. மற்றவர்களுக்கு நான் சொல்வது ஜனவரி நடுப்பகுதிக்குப் பிறகு. பொங்கலை வீட்டில் முடித்துவிட்டுப் புறப்படலாம், புதுவருடக் கூட்டம் வடிந்திருக்கும், விமான ரிக்கெற் விலையும் இறங்கும். பாரிஸ் கடைகளில் குளிர்கால மலிவு விற்பனையும் ஜனவரி இரண்டாம் வாரமளவில் தொடங்கி நான்கு வாரம் நடக்கும். டிசம்பர் 25, ஜனவரி 1 இரண்டு நாளும் லூவர் போன்ற பெரிய அருங்காட்சியகங்கள் பூட்டு.

டிசம்பர் கடைசியில் சூரியன் காலை எட்டே முக்காலுக்குக் கிட்ட எழும்பி, பின்னேரம் ஐந்தளவில் படுத்துவிடும். ஜனவரிக் கடைசியில் இருட்டக் கிட்டத்தட்ட ஐந்தே முக்கால் ஆகும். வெப்பநிலை பொதுவாக மூன்றுக்கும் எட்டுப் பாகைக்கும் இடையில். பனி கொட்டும் என்ற ஆசையோடு போகாதீர்கள். பாரிசில் பனி அபூர்வம், தூறல்தான் தாராளம்.

ஆட்கள் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். பாரிஸ் கஃபே மேசைகள் எங்கள் ஊர் வாங்கைவிடச் சின்னன். ஆறு பேர் ஒன்றாக இருக்க இடம் தேடியே அரை நாள் போகும்.

விசா: ஆறுதலாக, ஆனால் முன்கூட்டியே

கடவுச்சீட்டு எடுக்க இப்போது வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ ஓடவேண்டியதில்லை. 2025 செப்டெம்பரிலிருந்து யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே அலுவலகம் இருக்கிறது. கடவுச்சீட்டு எடுத்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது. திரும்பும் நாளிலிருந்து இன்னும் மூன்று மாதமாவது செல்லுபடியாகவேண்டும்.

வேண்டியது ஷெங்கன் குறுகியகால விசா, பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னரே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். கடைசி எல்லைவரை இருக்கவேண்டாம். முடிவு வர வழமையாக 15 நாள், சிலவேளை 45 நாள்வரை இழுபடும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. அதற்கு மேல் விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. மறுத்தால் காசு திரும்பாது. கைரேகை கொடுக்க ஒவ்வொருவரும் நேரில் கொழும்புக்குப் போகத்தான் வேண்டும். ஆகவே ஒரே நாளுக்கு நேரம் பதிந்து, இரவு பஸ்ஸில் ஒன்றாகப் போய் வாருங்கள். எங்கள் பயணம் உண்மையில் தொடங்கியது அந்த பஸ்ஸில்தான்.

மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் எடுக்கவேண்டும். செலவுக்குக் காசு இருக்கிறதென்றும் காட்டவேண்டும். பிரான்ஸ் கேட்கிற கணக்கு, ஹோட்டல் பதிவு இருந்தால் நாளுக்கு 65 யூரோ, சொந்தக்காரர் வீட்டில் நிற்பதானால் 32.50 யூரோ. சொந்தக்காரர் வீடு என்றால் அவர் தன் ஊர் நகரசபையில் உங்களை ஏற்பதாக ஒரு சான்றிதழ் எடுத்து அனுப்பவேண்டும். அதற்கு அவருக்கு 30 யூரோ முத்திரைச் செலவும் அலைச்சலும். ‘ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கோ மாமா’ என்று சொல்லிவிட்டு இருந்தால் அது செல்லாது.

எங்கள் ஊர் இளம் ஆட்களின் விண்ணப்பங்களை இன்னொரு தரம் பார்ப்பார்கள், அது தெரிந்த கதை. திரும்பி வருவீர்கள் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். வேலைக் கடிதம், லீவுக் கடிதம், ஆறு மாத வங்கிக் கூற்று, கலியாணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவு, காணி இருந்தால் உறுதி. தமிழிலோ சிங்களத்திலோ இருப்பதை மொழிபெயர்த்து இணையுங்கள். விண்ணப்பத்துக்கு முதல் வாரம் கணக்கில் திடீரென்று பெரிய தொகை விழுந்திருந்தால் அது உதவிக்குப் பதில் உபத்திரவம்.

கூட்டாளிகளாகப் போகும்போது ஒருவரும் வாய் திறக்காத கேள்வி ஒன்று உண்டு. நான்கு விண்ணப்பமும் தனித்தனியாகத்தான் பார்க்கப்படும். ஒருவனுக்கு மறுத்தால் மற்றவர்கள் போவதா, விடுவதா? இதைக் காசு கட்டும் முன்னமே கதைத்து முடியுங்கள். நாங்கள் கஸ்தூரியார் வீதிக் கடை ஒன்றில் ரோல்ஸ் சாப்பிட்டபடி ‘போகிறவர் போகட்டும், நிற்கிறவருக்கு வீட்டு வாடகைப் பங்கைத் திருப்பிக் கொடுப்பது’ என்று தீர்மானித்தோம். நல்லகாலம், தேவைப்படவில்லை. விசா கையில் வரும்வரை பதிவுகளை மட்டும் செய்யுங்கள், திருப்ப முடியாத ரிக்கெற் வாங்கவேண்டாம்.

எங்கே தங்குவது

சொந்தக்காரர் வீட்டில் நான்கு பேர் படுத்தால் அது கூட்டாளிகள் பயணம் இல்லை, குடும்பப் பயணம். மெற்றோ நிலையத்துக்குக் கிட்ட, சமையலறை உள்ள ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடியுங்கள். எடுக்கும் முன் கேட்கவேண்டியவை இரண்டு: லிஃப்ட் இருக்கிறதா, சூடாக்கி ஒழுங்காக வேலை செய்கிறதா? பழைய பாரிஸ் கட்டடங்களில் ஐந்தாம் மாடிக்கும் சுழல்படிதான். முப்பது கிலோப் பெட்டியோடு அதில் ஏறிப் பார்த்தவன் சொல்கிறேன்.

வடபக்கம் பத்தாம், பதினெட்டாம் வட்டாரங்கள் எங்களுக்கு வசதி. கார் து நோர் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல். நகைக்கடை, புடைவைக்கடை, கொத்துரொட்டி, இடியப்பம், மாணிக்கப் பிள்ளையார் கோயில் எல்லாம் அந்தச் சுற்றுவட்டாரத்தில்.

உடுப்பு

ஊரில் எங்களிடம் இருக்கிற ‘ஜம்பர்’ நுவரெலியாவுக்குச் சரி. பாரிசுக்கு அடுக்கடுக்காகப் போடவேண்டும். உடம்போடு ஒட்டி மெல்லிய தேர்மல் உள்ளாடை, மேலே கம்பளி அல்லது ஃப்ளீஸ், அதற்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஜக்கெற். பருத்திப் பெனியனை அடியில் போடாதீர்கள். வேர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு உடம்பைக் குளிர வைக்கும். டெனிம் காற்சட்டை நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. எங்களில் ஒருவன் முதல் நாள் அப்படி நனைந்து, மூன்று மணிக்கே வீட்டுக்குப் போய்ப் போர்வைக்குள் புகுந்தான்.

காலைத்தான் முக்கியமாகக் கவனியுங்கள். தண்ணீர் புகாத, அரை அளவு பெரிய சப்பாத்து. குளிருதென்று இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டு மேஸ் போட்டால் இரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் விறைக்கும். ஒரு நல்ல கம்பளி மேஸ் போதும். தொப்பி, கழுத்துக்கு மஃப்ளர், கையுறை. உதட்டுக்கு வாஸலின் மறக்கவேண்டாம், சூடாக்கிய அறைக் காற்று இரண்டு நாளில் உதட்டை வெடிக்க வைக்கும்.

இவை எல்லாவற்றையும் இங்கேயே வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். தேர்மலும் மேஸும் அங்கே டெகத்லோன் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். பெரிய ஜக்கெற்றை இரவல் கேளுங்கள். பாரிசில் ஒவ்வொரு தமிழ் வீட்டு அலுமாரியிலும் போடாத ஜக்கெற் இரண்டு தொங்கும். எனக்குக் கிடைத்தது சித்தியின் மூத்த மகனுடையது. பொக்கெற்றுக்குள் கையை விட்டால் பழைய காகித மெற்றோ ரிக்கெற் ஒன்று, ஓரம் தேய்ந்து, துணிபோல மெதுவாக.

பெட்டிக்குள் என்ன

போகிற வீடுகளுக்கு வெறுங்கையோடு போகமுடியாது, தெரியும். வறுத்திடித்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி கொண்டுபோகலாம். கருவாட்டுக்கும் தடையில்லை. மீன் வகை ஆளுக்கு 20 கிலோவரை விடுவார்கள். ஆனால் இறைச்சி, பால், நெய் எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக்கூடாது. கறிவேப்பிலை, முருங்கைக்காய் போன்ற பச்சைச் சாமான்களுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசிக்கு அது தேவையில்லை. அம்மா கடைசி நேரத்தில் பெட்டிக்குள் சொருகும் கறிவேப்பிலைக் கட்டைக் கண்டுபிடித்து வெளியே எடுத்துவிடுங்கள். தூளை மூன்று பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டாவிட்டால் ஒன்பது நாளும் உங்கள் உடுப்பு சரக்குக்கடை மாதிரி மணக்கும்.

இறங்கியதும்

2025 ஒக்ரோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் புதிய பதிவுமுறை படிப்படியாக வந்திருக்கிறது. முதல் தடவை கைரேகையும் படமும் எடுப்பார்கள், வரிசை நீளும். தங்குமிடப் பதிவு, திரும்பும் ரிக்கெற், காப்புறுதி மூன்றையும் காகிதத்தில் கையில் வைத்திருங்கள். பற்றரி இறந்துபோன போனில் எதையும் காட்ட முடியாது.

ஷார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து நகருக்கு ‘ஏர் எ ஏர் பே’ (RER B) என்கிற ரயில். அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட எடுக்கும். 2025இல் விமான நிலைய ரிக்கெற் 13 யூரோ, நகருக்குள் மெற்றோ ஒரு பயணம் 2.50 யூரோ. ஜனவரி தோறும் கொஞ்சம் ஏறும். திங்கள் முதல் ஞாயிறுவரை ஓடுகிற நவிகோ வார அட்டை அந்த வருடம் 31.60 யூரோ. விமான நிலையமும் அதற்குள் அடங்கும். அதனால் திங்கட்கிழமை இறங்குவதுபோல ரிக்கெற் போட்டால் இலாபம். வியாழனுக்குப் பிறகு அந்த வாரத்து அட்டை தரமாட்டார்கள். படம் ஒட்டவேண்டும், சின்னப் படம் ஒன்று கொண்டுபோங்கள். ஒரு அட்டையில் இரண்டு பேர் போகமுடியாது. பரிசோதகர் பிடித்தால் அந்த இடத்திலேயே தண்டம்.

மெற்றோ நெரிசலில் போனைப் பின்பொக்கெற்றில் வைக்காதீர்கள். கதவு மூடும் நேரத்தில் பறித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

குளிர்காலத்தில் நேர வித்தியாசம் நான்கரை மணித்தியாலம். முதல் நாள் காலை மூன்றரைக்கே நால்வரும் விழித்துக்கொண்டு குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தோம். அதை மாற்ற ஒரே வழி, வெளிச்சம் இருக்கும்போது வெளியே நடப்பதும், இரவு ஒன்பது மணிவரை பிடித்துக்கொண்டு விழித்திருப்பதும்.

ஒரு நாளைக்கு ஒன்று

லூவருக்கு நாங்கள் முதல் தடவை போனது ஒரு செவ்வாய்க்கிழமை. கண்ணாடிக் கூம்புக்கு முன்னால் வரிசையே இல்லை. ‘பார்த்தியளோ, குளிர்காலத்தில் வந்ததன் புண்ணியம்’ என்று நானே பெருமையாகச் சொன்னேன். செவ்வாயில் லூவர் பூட்டு. ஓர்சே அருங்காட்சியகம் திங்களில் பூட்டு. லூவர் புதனும் வெள்ளியும் இரவு ஒன்பதுவரை திறந்திருக்கும். இருட்டிய பிறகு போனால் பகல் வெளிச்சம் வீணாகாது. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு நுழைவு 32 யூரோ. நேரம் பதிந்துவிட்டுப் போகவேண்டும். மோனா லிசாவைப் பார்க்கத்தான் எல்லோரும் ஓடுகிறார்கள். 77 சென்ரிமீற்றர் உயரம், 53 அகலம், முன்னால் முன்னூறு போன். பார்த்துவிட்டு நகர்ந்து, வேறு இரண்டு கூடங்களை மட்டும் ஆறுதலாகப் பாருங்கள்.

32 யூரோ கூட என்று நினைத்தால் கார்னவலே, பெத்தி பலே என்ற இரண்டு அருங்காட்சியகங்களிலும் நிரந்தரக் காட்சிக்குக் காசே இல்லை. பாரிஸ் நகரத்தின் வரலாறு கார்னவலேயில் இருக்கிறது. ஓர்சே மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், ஆனால் பதியவேண்டும். 2019 ஏப்ரல் தீயில் கூரை எரிந்த நோத்ர் தாம் தேவாலயம் 2024 டிசம்பரில் திரும்பத் திறந்தது. அதற்கும் கட்டணம் கிடையாது. உள்ளே கல் அவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஈபிள் கோபுரத்துக்கு மேலே ஏறுவதா என்றால், குளிர்காலத்தில் நான் வேண்டாம் என்பேன். மேலே காற்று கத்திபோல வெட்டும், முகில் மூடினால் ஒன்றும் தெரியாது. ஆனால் குளிர்காலத்துக்கென்றே ஒரு வரம் இருக்கிறது. இருட்டியதும் ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் கோபுரம் ஐந்து நிமிடம் மினுமினுக்கும். கோடையில் அதற்காக இரவு பத்து, பதினொன்றுவரை காத்திருக்கவேண்டும். ஜனவரியில் ஆறு அல்லது ஏழு மணிக்கே பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடலாம். கோபுரத்துக்கு எதிரே இருக்கிற த்ரொக்கதேரோ மேடைக்கு ஆறே முக்காலுக்குப் போனோம். சுடச்சுடச் சொக்லேற் ஒரு கோப்பை வாங்கி நான்கு பேரும் கைமாற்றிக் குடித்துக்கொண்டு நின்றோம். ஏழு அடித்ததும் சுற்றிநின்ற கூட்டம் முழுக்க ஒரு சத்தம் போட்டது, நல்லூர்த் தேர் இருப்பிடத்தை விட்டு அசையும்போது எழும்புமே, அதன் குட்டிச் சத்தம்.

மழை நாளுக்கு ஒரு யோசனை. பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய, கண்ணாடிக் கூரை போட்ட நடைபாதைச் சந்துகள் பாரிசில் இருக்கின்றன. பசாஜ் தே பனோரமா, அதற்கு எதிரே பசாஜ் ஜுஃப்றுவா, கொஞ்சம் தள்ளி கலரி விவியென். முத்திரைக் கடை, பழைய புத்தகக் கடை, சின்னக் கஃபே என்று ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகலாம், அவ்வளவாக நனையமாட்டீர்கள். காசு செலவில்லை, அவசரமும் இல்லை. எங்கள் நால்வருக்கும் மிகப் பிடித்த நாள் அதுதான்.

மொன்மார்த்ர் குன்றின் சக்ரே கேர் தேவாலயத்துக்குப் போனால் படியடியில் கையில் நூல் கட்ட வருவார்கள். கையைப் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு நடவுங்கள். கட்டிவிட்டால் காசு கொடுக்காமல் விடமாட்டார்கள்.

ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று மணித்தியாலம் அவரவர் பாடு என்று விட்டுவிடுங்கள். ஒன்பது நாளும் நான்கு பேர் ஒட்டிக்கொண்டே திரிந்தால் ஆறாம் நாள் சண்டை வரும். எங்களுக்கு ஐந்தாம் நாளே வந்தது, யார் குளிக்கும் சுடுதண்ணியை முடித்தது என்று.

சாப்பாடும் கஃபேயும்

கடைக்குள் கால் வைத்ததும் முதல் வார்த்தை ‘போன்ஜூர்’. அதைச் சொல்லாமல் ஆங்கிலத்தில் கேட்கத் தொடங்கினால் முகம் சுருங்கும். சொன்னால் பாதி வேலை முடிந்தது. கஃபேயில் நின்றபடி கவுண்டரில் குடித்தால் விலை குறைவு, மேசையில் இருந்தால் கூட. ஆனால் மேசைக்குக் கொடுக்கிற அந்தக் காசு குளிர்காலத்தில் வாடகை மாதிரி. ஒரு கோப்பையோடு ஒரு மணித்தியாலம் இருந்தாலும் எழுப்பமாட்டார்கள். வெளிமேசைகளைச் சூடாக்குவது 2022இலிருந்து தடை, ஆகவே உள்ளேயே இருங்கள். தண்ணிக்குப் போத்தல் வாங்கவேண்டாம், ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த்தண்ணீர் இலவசமாக வரும்.

மாடு சாப்பிடாதவர்கள் ‘பெஃப்’ என்ற சொல்லையும், பன்றி சாப்பிடாதவர்கள் ‘போர்’, ‘ஜம்போன்’, ‘லார்தோன்’ மூன்றையும் நினைவில் வையுங்கள். சூப்பிலும் சலாதிலும்கூட லார்தோன் மறைந்திருக்கும். காலையில் முறைபோட்டு ஒருவர் பேக்கரிக்குப் போய் நீட்டுப் பாண் வாங்கி வாருங்கள். வீடு வருவதற்குள் நுனியைக் கடித்துத் தின்பது வாங்கப் போனவரின் உரிமை. ஜனவரி முழுக்க ‘கலெத் தே ருவா’ என்றொரு பாதாம் கேக் விற்பார்கள். உள்ளே சின்னப் பொம்மை ஒன்று ஒளிந்திருக்கும், யாருடைய துண்டில் வருகிறதோ அவருக்குக் காகிதக் கிரீடம். நான்கு பேருக்கு அளவான விளையாட்டு. தோற்றவர் கோப்பை கழுவுவது என்பது நாங்கள் சேர்த்தது.

சொந்தக்காரர்

ஆறுதலான பயணத்தைக் குழப்பக்கூடியது குளிர் அல்ல, பாசம். நீங்கள் இறங்கிய செய்தி உங்களுக்கு முன்னரே போய்ச் சேர்ந்திருக்கும். ‘என்ன தம்பி, இவ்வளவு தூரம் வந்திட்டு எங்கட வீட்டை வராமல் போகப்போறியளோ?’ ஆளுக்கு மூன்று வீடு என்றாலும் நால்வருக்கும் பன்னிரண்டு. வீடுகள் புறநகரில், போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம், இடையில் மூன்று முறை சோறு.

இதற்கு ஒரு வழி கண்டோம். ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் சொந்தக்காரர் நாளாக ஒதுக்கினோம். ஆளுக்கு ஒரே ஒரு வீடு, முன்னரே சொல்லிவைத்து. மற்றவர்களைச் சனிக்கிழமை பின்னேரம் லாச்சப்பல் தேத்தண்ணிக்கடைக்கு வரச்சொன்னோம். அவர்களும் சாமான் வாங்க எப்படியும் அங்கே வருவார்கள். தூள்ப் பை கைமாறும், வடை வரும், ஊர்க்கதை முடியும். ஒருவருக்கும் மனக்குறை இல்லை. என்னுடைய மாமி ஒருவருக்கு மட்டும் இருந்தது, அவவுக்கு எப்போதும் இருக்கும்.

காசு

ஆளுக்கு 150 யூரோ போட்டு ஒரு பொதுப்பை வையுங்கள். பாண், பால், மரக்கறி, கஃபே எல்லாம் அதிலிருந்து. கணக்குப் பிடிப்பதில் கொஞ்சம் கஞ்சத்தனம் உள்ளவரிடம் பையைக் கொடுங்கள், முடிந்ததும் திரும்பப் போடுங்கள். ‘நான் நேற்றுக் கொடுத்தேன், நீ இன்றைக்குக் கொடு’ என்ற கணக்கு மூன்றாம் நாளில் குழம்பும். கடைச் சாமான் வாங்குவது அவரவர் செலவு. ஊர் வங்கி அட்டையைப் பாவித்தால் வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணம் எவ்வளவு என்று போகமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது பெட்டியில் சீஸ் இருந்தால் நன்றாகச் சுற்றுங்கள், கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணம்வரை இரவு முழுக்க பஸ் ஓடும். ஜக்கெற்றைக் கொண்டுவராதீர்கள், இங்கே அது அலுமாரியில் பூஞ்சணம் பிடிக்கும். நான் சித்தி வீட்டில் திருப்பித் தொங்கவிட்டேன். அந்தப் பழைய ரிக்கெற்றை எடுக்கவில்லை. என்னுடைய தீர்ந்துபோன வாஸலின் டப்பியையும் அதோடு வைத்துவிட்டு வந்தேன்.